கொட்டியாரத்துக்குத் திரும்பிய மகன்

திருகோணமலைத் துறைமுகத்தின் பெருமையை நம் மாணவர் வகுப்பறையிலேயே அறிந்துகொள்கின்றனர். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் மாறி மாறி அதன்மேற் கண்வைத்த கதை அது. கோட்டைகளையும் கொடிகளையும் பற்றிய அவ்வரலாற்றுக்கு அப்பால், அதே நீர்ப்பரப்பின் தென்கரையில், மகாவலி கங்கை கடலோடு கலக்கும் கொட்டியாரக் குடாவில், ஒரு தந்தைக்கும் மகனுக்கும் இடையே நிகழ்ந்த சிறு செயல் ஒன்று உண்டு. பீரங்கி முழங்காத செயல் அது. ஆயினும் அன்பு எதைக் கேட்கலாம், எதைக் கொடுக்கலாம், இறைவன் திருவுளத்துக்கு அடங்குதல் என்றால் என்ன என்னும் வினாக்களை அச்செயலைப்போல எனக்கு எழுப்பிய வரலாறு வேறொன்றில்லை. அந்த மகன் றொபேட் நொக்ஸ். இலங்கையைப் பற்றி ஆங்கிலத்தில் எழுந்த பெருநூல்களுள் காலத்தால் முந்திய ஒன்றை எழுதியவர் என்றே அவரை நாம் அறிவோம். நூலாசிரியரை அறிந்த அளவுக்கு அம்மனிதரை நாம் அறிந்தோமா என்பது ஐயமே.

1641ஆம் ஆண்டு பெப்ரவரித் திங்கள் 8ஆம் நாள் இலண்டன் மாநகரில் பிறந்தவர் நொக்ஸ். தந்தையாரின் பெயரும் றொபேட் நொக்ஸ் என்பதே. அவர் கப்பற்றலைவர். தாயார் அபிகேல் கடவுட்பற்று மிக்கவர். மகனைத் தூய்மைவாதக் கிறித்தவ நெறியில் வளர்த்தவர். அந்நெறியினர்க்கு ஆடம்பரச் சடங்குகளில் நாட்டமில்லை. வேதாகமத்தை நாள்தோறும் ஓதுதலும், நிகழ்வன யாவற்றிலும் இறைவன் கையைக் காணுதலும் அவர்தம் வழக்கம். 1656இல் அத்தாயார் மறைந்தார். அவர் ஊட்டிய நெறி மட்டும் மகனை விட்டு நீங்கவில்லை.

1658ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆன் என்னும் கப்பல், கிழக்கிந்தியக் கம்பனியின் பணிமேல், சென்னைப் புனித ஜோர்ஜ் கோட்டையை நோக்கிப் புறப்பட்டது. தந்தையார் அதன் தலைவர். மகனும் உடன் சென்றார். 1659 நவம்பர் 19ஆம் நாள் மசூலிப்பட்டினத் துறையில் பெரும் புயல் எழுந்தது. கப்பலைக் காக்க வேண்டி அதன் நடுப்பாய்மரத்தை வெட்டிக் கடலில் தள்ள நேர்ந்தது. பாய்மரம் இழந்த கப்பல் நெடும்பயணத்துக்கு உதவாது. எனவே, கொஞ்சம் துணி ஏற்றிக்கொண்டு கொட்டியாரக் குடாவுக்குச் சென்று, புதுமரம் நாட்டும்வரை அங்கே வாணிகமும் செய்க எனச் சென்னையிலிருந்த கம்பனியின் தலைமை அதிகாரி கட்டளையிட்டார். பரங்கிப்பேட்டை வணிகர் சிலரும் உடன் வந்தனர். இவ்வாறு ஒரு புயலும் ஒரு பாய்மரமும் சேர்ந்து இலண்டன் இளைஞர் ஒருவரை நம் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தன.

கொட்டியாரம் அந்நாளிற் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆணைக்கு உட்பட்டிருந்தது. 1635 முதல் 1687 வரை அரசாண்டவன் அவன். போர்த்துக்கேயரை விரட்ட ஒல்லாந்தரைத் துணைக்கு அழைத்து, பின்னர் அவ்வொல்லாந்தராலேயே ஏமாற்றப்பட்டவன். கடல்வழி வந்த வெள்ளையர் எவரையும் நம்பக் கூடாதென அனுபவம் அவனுக்குக் கற்பித்திருந்தது. வந்த ஆங்கிலேயர் மன்னனுக்குக் கடிதமோ காணிக்கையோ அனுப்பவில்லை. ஐயம் வலுத்தது. திசாவை ஒருவன் படையுடன் கொட்டியாரத்துக்கு வந்தான். மரியாதையாகப் பேசினான், விருந்தும் அளித்தான். கரைக்கு வந்து புளியமரம் ஒன்றின் நிழலில் அமர்ந்திருந்த கப்பற்றலைவரையும் உடனிருந்தோரையும் வாளுருவாமலே சிறைப்பிடித்தான். நிகழ்ந்த ஆண்டு 1660. பிடிபட்டோர் தந்தையும் மகனும் உட்படப் பதினாறு பேர். மூதூரில் அம்மரத்தடியில் 1893இல் ஒரு கல் நாட்டப்பட்டது. வெள்ளைக்காரன் மரம் என மக்கள் வழங்கிய பெயரும், கப்பற்றலைவர் பிடிபட்ட செய்தியும் அதிற் பொறிக்கப்பட்டன. மரத்தடியில் அகப்பட்டவர் மகன் எனப் பலரும் எண்ணுவதுண்டு. கல் கூறும் கப்பற்றலைவர் தந்தையே.

நான் கூற வந்த செயல் இதன் பின்னரே நிகழ்ந்தது. திசாவை மனிதரைப் பிடித்ததோடு அமையவில்லை. கப்பலும் அதிலிருந்த பீரங்கிகளும் அவனுக்கு வேண்டியிருந்தன. கப்பலை ஆற்றுக்குள் கொண்டுவரும்படி ஆட்களுக்குக் கட்டளையிடுமாறு தலைவரை வற்புறுத்தினான். கடிதத்தை மட்டும் கண்டு மாலுமிகள் பணியமாட்டார்கள், நேரில் ஒருவரை அனுப்ப வேண்டும் என்றார் தலைவர். அனுப்பத் தேர்ந்தது தம் மகனை. கப்பலில் உள்ளோர் விழிப்பாக இருக்கவும், கப்பலை எவ்வாற்றானும் பகைவர் கைக்கு விடாதிருக்கவும் இரகசியமாகச் சொல்லியனுப்பினார். அத்துடன் மகனுக்கு வேறொரு கட்டளையும் இட்டார். இந்நிலையிற் தம்மைக் கைவிடாது திரும்பி வரவேண்டும். தம் ஆசியின் பேராலும், இறுதித் தீர்ப்பு நாளில் இறைவன்முன் விடை சொல்லவேண்டிய கடமையின் பேராலும் அதை அவர் கேட்டார். மகனும் வாக்களித்தார்.

அப்போது அவருக்கு வயது பத்தொன்பது. படகு கப்பலைச் சேர்ந்தது. காலடியில் கப்பலின் தளம். சுற்றிலும் சொந்த நாட்டவர். அப்பால் திறந்த கடல். சொல்லவேண்டியதை எல்லாம் சொன்னார். திசாவையின் சினம் தந்தையார் மேல் திரும்பாதிருக்க ஒரு வழியும் செய்தார். தலைவர் சொன்னாலும் கப்பலைக் கொண்டுவரோம், எதிர்த்தே நிற்போம் என மாலுமிகள் கையொப்பமிட்ட ஓர் எழுத்தைப் பெற்றுக்கொண்டார். பின்னர் படகேறிக் கரைக்குத் திரும்பினார். தந்தையார் பிணையாக இருந்த கரைக்கு, தாமும் பிணையாவதற்கென்றே திரும்பினார். சில காலத்தின் பின் தலைவரின் அனுமதியோடு கப்பல் பாய்விரித்துச் சென்றுவிட்டது.

கம்பனைக் கற்ற நம் உள்ளத்துக்கு இவ்விடத்தில் அயோத்தி நினைவுக்கு வராதிராது. தந்தை சொல்லைத் தலைமேற்கொண்டு காடேகினான் இராமன். அச்சொல் மகனைப் பிரித்ததே என்னும் துயரால் உயிர் நீத்தான் தயரதன். இங்கே சொல்லின் போக்கு மாறியது: போ என்னாது வா என்றது. துயரின் போக்கு மட்டும் மாறவில்லை. மகனை அருகில் அழைத்துக்கொண்ட தந்தையும் அவ்வழைப்பை எண்ணியே உள்ளம் உருகி மாண்டார்.

கைதிகளை விலங்கிட்டுச் சிறையில் அடைப்பது கண்டி வழக்கம் அன்று. ஊருக்கு ஒருவராகப் பிரித்து விடுவர். ஊரார் அரிசியும் கறியும் அளிக்கவேண்டும். தப்பியோட இயலாதவாறு காடும் மலையும் காவற்கடவைகளும் சூழ்ந்திருக்கும். தந்தையையும் மகனையும் மட்டும் பிரிக்காமல் ஏழு கோறளையிலுள்ள பண்டார கொஸ்வத்தை என்னும் ஊரில் விட்டனர். நீர்வளமும் கொசுவும் நிறைந்த அவ்வூரில் இருவரையும் குளிர்காய்ச்சல் பற்றியது. வீரியமுள்ள மருந்தில்லை, விரிக்கத் தக்க படுக்கையும் இல்லை. தந்தையார் உடலினும் உள்ளம் மிக நொந்தார். தம் கட்டளைக்குப் பணிந்தமையால் அன்றோ மகன் அடிமைப்பட்டான் என்னும் எண்ணம் அவரை அரித்தது. தாம் முதியவர், நெடுநாள் தாங்கமாட்டார். மகனோ இன்னும் எத்தனை துயர நாள்களைக் காணவேண்டுமோ என வருந்தினார். இறைவன் அவனுக்கு இரங்கவேண்டுமென மன்றாடினார். 1661 பெப்ரவரி 9ஆம் நாள் மாலை மகனை அழைத்து, இறையச்சத்தோடு வாழவும் உடன்பிறந்தோரைப் பேணவும் கூறி, அமைதியாக உயிர் துறந்தார்.

தம் உயிரை இறைவனிடம் ஒப்படைத்தல் அம்முதியவருக்கு எளிதாக இருந்தது. தம்மால் துன்புற்ற மகனை ஒப்படைத்தலே அரிதாக இருந்தது. ஆபிரகாம் ஈசாக்கை மலைமேல் அழைத்துச் சென்ற கதையைக் கிறித்தவர் அனைவரும் அறிவர். அங்கே ஆட்டுக்கடா ஒன்று வந்து மகனை மீட்டது. கொட்டியாரத்தில் அவ்வாறு ஏதும் வரவில்லை. விளைவு தெரியாமலே ஒப்படைக்கவேண்டிய நிலை அது. கெத்செமனித் தோட்டத்தில் இயேசுபெருமான் வேண்டியதும் அத்தகைய ஒப்படைப்பையே. தம் விருப்பம் இன்னதென்று மறைக்காமற் கூறி, அதன் பின்னரே தந்தையின் விருப்பத்துக்கு அவர் இணங்கினார். எனவே, விருப்பமே இல்லாத மரத்துப்போன மனத்தைச் சரணாகதி என்று கொள்ளுதல் தகாது. இறக்கும் தறுவாயிலும் மகனின் விடுதலையை விரும்பி அழுத அத்தந்தையார் ஒப்படைப்பில் எவ்விதக் குறையும் எனக்குத் தெரியவில்லை.

நோயால் மெலிந்த மகனுக்குத் தனியே பிணத்தைத் தூக்க வலுவில்லை. உதவி கேட்டபோது ஊரார் கயிறொன்றைக் கொண்டுவந்து, இதனால் கட்டிக் காட்டுக்கு இழுத்துச் செல்க என்றனர். பிறர் பிணத்தைத் தீண்டுதல் அவர்களுக்குத் தீட்டு. அவர்கள்மேற் குறை காண்பது நியாயமன்று. ஆயினும் மகனின் நெஞ்சம் அதைப் பொறுக்கவில்லை. கூலி பேசி ஓர் ஆளை அமர்த்தித் தந்தையாரின் உடலைத் தூக்கிச் சென்று அடக்கம் செய்தார்.

இவ்வேளையில் அவருக்கிருந்த ஒரே துணை ஒரு சிறுவன். பரங்கிப்பேட்டையிலிருந்து ஏவலுக்கெனத் தந்தையார் கொண்டுவந்த கறுத்தப் பையன் என்றே நொக்ஸ் அவனைக் குறிக்கிறார். அவன் பெயரை நூல் நமக்குச் சொல்லவில்லை. தன்னைப்போன்ற நிறத்தவர் கையில் எசமானர் கைதியானதைக் கண்டபின், தனக்கு மனமிருந்தால் மட்டுமே ஏவல் கேட்டானாம். நொக்ஸ் அதைக் கீழ்ப்படியாமை எனக் குறை கூறுகிறார். சோழமண்டலக் கரையிலிருந்து வீடும் தாயும் விட்டுப் பிறர்க்காகக் கொண்டுவரப்பட்ட அப்பிள்ளையின் சிறைவாசம் கொட்டியாரத்திலா தொடங்கியது? அந்த வினாவை நொக்ஸ் எழுப்பவில்லை.

தந்தையார் இறந்தபின் அவரிடம் எஞ்சியவை இரு பக்தி நூல்கள். அவற்றை ஓதி ஓதி மனப்பாடமாக்கிவிட்டார். வேதாகமம் ஒன்று கிடைக்காதா என ஏங்கினார். ஒருநாள் நீரோடையிற் சிறுமீன் பிடித்துக்கொண்டிருக்கையில், அவ்வழியே சென்ற முதியவர் ஒருவர் அச்சிறுவனிடம், உன் எசமானர் புத்தகம் வாசிப்பாரா எனக் கேட்டார். 1656இல் ஒல்லாந்தர் கொழும்பைக் கைப்பற்றியபோது அந்நகரில் அவருக்குக் கிடைத்த புத்தகம் ஒன்று இருந்தது. சிறுவன் அதைக் கொண்டுவந்து காட்டினான். ஆங்கில வேதாகமம்! பிரித்தபோது கண்ணிற் பட்ட இடம் அப்போஸ்தலர் பணிகளைக் கூறும் ஆகமத்தின் 16ஆம் அதிகாரம். பிலிப்பி நகரச் சிறையில் நள்ளிரவில் நில அதிர்ச்சியால் கதவுகள் திறக்க, பவுலும் சீலாவும் ஓடிப்போகாமல் நிற்க, சிறைக்காவலன் நடுங்கி மீட்புக்கு வழி கேட்கும் பகுதி அது. திறந்த கதவைக் கண்டும் திரும்பி நின்றோர் கதை, கப்பலேறியும் கரைக்குத் திரும்பிய கைதியின் கையில் விரிந்தது. அவர் உள்ளம் மகிழ்ச்சியாலும் அச்சத்தாலும் நடுங்கியதில் வியப்பில்லை.

கையிலிருந்த கடைசிப் பொற்காசான ஒரு வராகனையும் கொடுத்து அதை வாங்க அவர் துணிந்தார். சிறுவன் தடுத்தான். அவ்வளவு ஆவல் காட்டினால் விலை ஏறிவிடும், பொறுங்கள் என்றான். முடிவில் வராகன் கொடுக்கவேண்டி நேரவில்லை. பின்னற்குல்லா ஒன்றுக்கே புத்தகம் கிடைத்தது. நொக்ஸ் இதனை இறைவன் தமக்காகச் செய்த அற்புதம் என்றே போற்றுகிறார். நானும் மறுக்கவில்லை. ஆனால் அந்த அற்புதம் பரங்கிப்பேட்டைச் சிறுவன் ஒருவனின் கூர்மதி வழியாகவே வந்தது என்பதையும் சேர்த்தே நினைக்கின்றேன்.

பின்னர் பல ஆண்டுகள் கழிந்தன. நொக்ஸ் குல்லா பின்னி விற்றார்; பன்றி வளர்த்தார்; நெல் கடன் கொடுத்து வாங்கினார்; நிலம் வாங்கி எலதெத்த என்னும் ஊரில் வீடும் கட்டினார். கைதிகள் பலர் இந்நாட்டுப் பெண்களை மணந்தனர். அவரோ என்றேனும் ஊர் திரும்புவோம் என்னும் நம்பிக்கையால் மணம் செய்யவில்லை. ஆங்கிலேயக் கைதி ஒருவருக்கும் சிங்களத் தாய்க்கும் பிறந்த லூசியா என்னும் பெண் குழந்தையைத் தம் பிள்ளையாக வளர்த்தார். இறைவன் சித்தத்துக்கு அடங்கியிருத்தல் என்றால் கைகட்டி இருத்தல் என அவர் கருதவில்லை. தோழர் ஸ்டீபன் றட்லன்டுடன் சில்லறைப் பண்டம் சுமந்து வடதிசை ஊர்களுக்குப் பலமுறை சென்று வழியறிந்தார். 1679 செப்டெம்பர் 22ஆம் நாள் இருவரும் விற்பனைக்குச் செல்வார்போற் புறப்பட்டனர். அனுராதபுரத்தைக் கடந்து, நாம் அருவியாறு என வழங்கும் மல்வத்து ஓயாவின் கரையோடு, யானைக் காட்டுக்கூடாகத் தமிழ் வழங்கும் பகுதியை அடைந்து, ஒக்டோபர் 18ஆம் நாள் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையைச் சேர்ந்தனர். பத்தொன்பதரை ஆண்டுச் சிறை முடிந்தது. பத்தொன்பது வயதில் அகப்பட்டவர் முப்பத்தெட்டு வயதில் வெளியேறினார்.

1680 செப்டெம்பரில் இலண்டன் சேர்ந்தார். கப்பலிலேயே எழுதத் தொடங்கிய நூல், அறிவியலறிஞர் றொபேட் ஹூக் துணையால் 1681இல் அச்சேறியது. ஜெர்மன், ஒல்லாந்த, பிரெஞ்சு மொழிகளிலும் அது வெளிவந்தது. டானியல் டீபோ 1719இல் றொபின்சன் குறூசோவைப் படைத்தபோது நொக்ஸின் நூலும் அவர் கருத்தில் இருந்ததென அறிஞர் கூறுவர். எலதெத்த வீட்டையும் நிலத்தையும் லூசியாவுக்கே உரிமையாக்கிக் கடிதம் எழுதினார் நொக்ஸ்.

இவ்வளவோடு கதையை நிறுத்தினால் நன்றாக இருக்கும், உண்மையாக இராது. விடுதலை பெற்ற நொக்ஸுக்குக் கம்பனி தொங்குவின் மேர்ச்சன்ட் என்னும் கப்பலின் தலைமையை அளித்தது. 1680களில் அக்கப்பல் மடகாஸ்கருக்குச் சென்றது. எதற்கு? சென் ஹெலனாத் தீவின் தோட்டங்களுக்கு அடிமைகளை விலைக்கு வாங்குவதற்கு. சொந்த மண்ணினின்று பிரிக்கப்பட்டு அயல்நாட்டில் கைதியாயிருப்பதன் கொடுமையை அக்காலத்தில் ஆங்கிலத்தில் அவரளவுக்கு விரிவாக எழுதியவர் சிலரே. அவரே மனிதரை ஏற்றிச் செல்லும் கப்பலுக்குத் தலைவரானார். அக்கப்பலில் இருந்தோர் யாருடைய மக்கள்? அவர்களுக்காக அழுத தந்தையர் எத்தனை பேர்?

இதை நொக்ஸின் பக்தி பொய்யென்று காட்டுவதற்கு நான் எழுதவில்லை. அவர் பக்தி மெய்யே. தந்தையாரிடம் திரும்பியதும், தாலாட்ட ஆளில்லாத குழந்தையை வளர்த்ததும் மெய். ஆயினும் அந்த அன்பு தம் குருதி, தம் இல்லம் என்னும் எல்லையிலேயே நின்றுவிட்டது. துன்பம் மனிதனைத் தானாகவே கனியச் செய்யும் என நாம் எளிதிற் சொல்லிவிடுகின்றோம். துன்பம் கதவைத் தட்டுவதோடு சரி. திறப்பது நம் வேலை.

அவர் சென்று எட்டு ஆண்டுகளுக்குள், 1687இல், கோவையைச் சேர்ந்த யோசப் வாஸ் என்னும் குரு, கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணக் கரையில் இறங்கினார். இங்குக் கோவை என்றது கோவா நாட்டை. ஒல்லாந்தர் தடைசெய்திருந்த கத்தோலிக்க மக்களுக்குப் பணிசெய்வதே அவர் நோக்கம். 1692இல் அதே கண்டி இராச்சியத்துள் தாமாகவே நுழைந்து, ஒற்றனென ஐயுறப்பட்டுச் சிறைப்பட்டார். 1697இல் கண்டியிற் பெரியம்மை பரவி, மன்னனும் மக்களும் நகரைவிட்டு நீங்கியபோது, நோயாளருக்குக் குடில் அமைத்து, கழுவித் துடைத்து, உணவூட்டி, இறந்தோரை அடக்கினார். அவர்களுட் பெரும்பாலோர் அவர் மதத்தினரும் அல்லர். 1711 சனவரி 16இல் கண்டியிலேயே உயிர் நீத்தார். 2015 சனவரி 14இல் கொழும்பில் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது. ஒருவர் எந்த நாட்டைவிட்டு வெளியேற வழி தேடினாரோ, அந்த நாட்டுக்குள் நுழைய மற்றவர் வழி தேடினார். நொக்ஸின் அன்பு நின்ற எல்லையிலிருந்து வாஸ் அடிகளின் அன்பு நடக்கத் தொடங்கியது.

நொக்ஸ் 1720 சூன் 19ஆம் நாள் எழுபத்தொன்பது வயதில் இறந்தார். தம் நூலைத் திருத்தியும் பெருக்கியும் அவர் எழுதிவைத்த தன்வரலாற்றுக் குறிப்புகள் ஒக்ஸ்போட் நகரப் போட்லியன் நூலகத்திற் கண்டெடுக்கப்பட்டு, 1911இல் ஜேம்ஸ் றையன் பதிப்பில் வெளிவந்தன. முதுமையிலும் அவர் நினைவு இத்தீவையே சுற்றிவந்தது என்பதை அவை காட்டுகின்றன. சிறையிலிருந்த நாள்களில் இறைவனோடு நெருங்கியிருந்த அளவுக்குச் செல்வத்தோடு வாழ்ந்த நாள்களில் நெருங்கவில்லை என்னும் ஏக்கத்தையும் அவற்றின் ஊடே நான் உணர்கின்றேன்.

இவ்வரலாற்றைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு ஒரு வேண்டுகோள் உண்டு. நொக்ஸ் தந்த பயிர்வகை, உடைவகை, அரசியல் முறைகளோடு பாடத்தை முடித்துவிடாதீர்கள். கப்பலிலிருந்து கரைக்குத் திரும்பிய அந்தப் படகையும் மாணவர்க்குக் காட்டுங்கள். அதே வேளை, வராகனை மிச்சப்படுத்திக் கொடுத்த பெயரறியாப் பரங்கிப்பேட்டைப் பிள்ளையையும், மடகாஸ்கரிற் கப்பலேற்றப்பட்டோரையும் மறவாமற் காட்டுங்கள். தந்தைக்காகத் திரும்பிய அன்பு அவர்களுக்காகவும் ஒருமுறை திரும்பியிருக்கலாகாதா என அவர்கள் கேட்கட்டும். அக்கேள்வியைக் கேட்கும் மாணவன், நொக்ஸின் வேதாகமம் நொக்ஸுக்குச் சொல்ல முயன்றதில் ஒரு பகுதியையேனும் கேட்டவனாவான்.